மலை ஏறினால் கொஞ்சம் குடிக்கும்

சீமையில் ஏதோ ஒரு கம்பெனிக்காரன் ஒரு காரைச் செய்வதை நிறுத்திவிட்டால், கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தப் பெண் நான்தான் என்பதால் நான் மட்டும் நம்பித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. நாலு கதவு, குடும்பமே உட்காரலாம். ஆனால் கிளப்பினதும் தன்னைப் பந்தயக் கார் என்று நினைத்துக்கொள்ளும் ரகம். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு எஸ்டேட் துரையிடம் வாங்கியது. அப்பா அதற்குச் 'சிட்டு' என்று பேர் வைத்திருந்தார். (எனக்கு வைத்த பேர் சௌந்தரவல்லி. யார் செல்லப்பிள்ளை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.) மலையடிவாரத்து வத்தலக்குண்டில் பஸ்ஸோடு சேர்ந்து கிளம்பினால், பஸ் வழியில் இருக்கும் ஊத்து என்ற ஊரைத் தாண்டுவதற்குள் நாங்கள் வீட்டில் காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருப்போம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், மலைப்பாதை வளைவில் சிட்டுவின் கியர்பெட்டி உடைந்தது. அப்பா மதுரையில் போய்க் கேட்டார், மெட்ராஸுக்கு ஆள் விட்டுக் கேட்டார். "அந்த மாடலையே நிறுத்திட்டாங்களேங்க" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். சிட்டுவை ஷெட்டில் நிறுத்தி, மேலே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மா உத்தரவு போட்டாள். "ஐப்பசி மழைக்குள்ள ரெண்டு சோலி முடியணும். ஒரு வண்டி வாங்கணும், இவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கணும்."

அப்பா இரண்டையும் பார்க்கத்தான் செய்தார். பார்த்துப் பார்த்துத் தட்டிக்கழித்தார். ஒரு கார் தொந்தியும் தொப்பையுமாக இருக்கிறது என்றார். இன்னொன்றின் கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம் கேட்கிறது என்றார். அதே வாரம் வந்த மாப்பிள்ளைகளில் ஒருவருக்குத் தொந்தி, இன்னொருவருக்குக் குரல் தகர டப்பா. அப்பா எந்தக் குறையை எதற்குச் சொல்கிறார் என்று அம்மாவுக்கே குழம்பிப்போனது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அம்மாளெல்லாம் 'ஏன் இன்னும்?' என்று விசாரிக்கும் வயது. அப்பாவுக்கு என்னை அனுப்ப மனசில்லை என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. இப்படியே போனால் சிட்டுவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு போர்வை போர்த்திவிடுவார் என்று தோன்றியது.

இந்த நிலைமையில்தான் தரகர் சுப்பையா அப்பாவைச் சந்தையில் பிடித்தார். நிலம், வீடு, கோவேறு கழுதை, வண்டி, வரன் எல்லாம் அவர் ஒருவரே பேசி முடிப்பார். "நீங்க கேட்ட மாதிரியே வத்தலக்குண்டுல ஒண்ணு அமைஞ்சிருக்குங்க. வெள்ளிக்கிழமை வெள்ளனே கூட்டிட்டு வர்றேன். பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அப்பா கேட்டு வைத்திருந்ததோ இரண்டு. இதில் எந்த ஒன்று என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

"வண்டியா இருக்குமோ?" என்று வீட்டில் வந்து இழுத்தார்.

"வண்டியைக் காட்ட எவனாச்சும் வெள்ளிக்கிழமையா பார்த்து வருவானா? மாப்பிள்ளைதான்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு நீலக் கார் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெரியவர் தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையுமாக இறங்கினார். (முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவர் கொள்கையாம்.) கூடவே காரை ஓட்டிவந்த ஒரு வாலிபர். சுப்பையாவும் வந்தார், ஆனால் வளைவுகளில் குடல் புரட்டி, முகம் வெளுத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்து ஓரமாகப் போய்ப் படுத்துவிட்டார். யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

நான் அரக்குப் பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, கதவிடுக்கில் நின்று பார்த்தேன். வாலிபர் பேர் முத்துவேல், வத்தலக்குண்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார், பெரியவர் அவருடைய சித்தப்பா. சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தாலும் நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். எனக்குப் பிடித்துவிட்டது. மறைப்பானேன், பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துவிட்டது.

சித்தப்பா பேச ஆரம்பித்தார். "ஒளிவு மறைவு எனக்கு ஆகாதுங்க. நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லிப்புடுறேன். உடம்புல ஒரு கொறை கிடையாது. இடது பக்கம் மட்டும் ஒரு அடி. பெருமாள்மலை வளைவுல மாடு குறுக்க வந்துருச்சு. இப்பப் பார்த்தாத் தெரியாது."

அம்மா முத்துவேலின் இடது பக்கத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பிள்ளைகளை அஃறிணையில் சொல்வதுதான் வழக்கம். 'பிள்ளை சாப்பிட்டுச்சா', 'தம்பி தூங்குது' என்போம். பிரியம் கூடக்கூட மனுஷன் அஃறிணை ஆகிவிடுவான். அன்றைக்கு எங்கள் மானத்தை வாங்கியது இந்த இலக்கணம்தான்.

"இதுக்கு முன்னாடி கொடைக்கானல்ல ஒரு வெள்ளக்காரம்மாகிட்ட இருந்துச்சு. நல்லா வச்சிருந்தாங்க. சீமைக்குப் போறப்ப மனசே இல்லாம, அழுதுக்கிட்டே விட்டுட்டுப் போனாங்க."

அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. "மத்தபடி… கெட்ட பழக்கம் ஏதும்…?"

சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்கம்மா! ஒண்ணே ஒண்ணுதான். கொஞ்சம் குடிக்கும்."

"தினமுமா?"

"கீழ இருக்கிற வரைக்கும் அளவாத்தான் குடிக்கும். மலை ஏறுனாத்தான் கொஞ்சம் கூடப் போயிரும்."

"இந்தக் குளிருக்கு எல்லாமே அப்படித்தானுங்களே" என்று முத்துவேலும் சங்கோஜமே இல்லாமல் சொன்னார். "காலையில கிளம்புறதுதான் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். பின்னாடி ரெண்டு பேர் தள்ளிவிட்டாச் சரியாப் போயிரும்."

அப்பா ஏன் அப்போதே அவர்களை அனுப்பிவிடவில்லை என்று பிற்பாடு கேட்டிருக்கிறேன். கதவிடுக்கில் என் முகத்தைப் பார்த்தாராம். சிட்டு நின்றுபோனபோது தன் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்ததாம். அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எம் மகளுக்குப் பிடிக்காம நான் எதையும் முடிவு பண்றதில்லைங்க. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிடட்டும்" என்றார்.

"பேஷா! எங்க பயலே எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லுவான்" என்றார் சித்தப்பா.

மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில் நின்றோம். சற்றுத் தள்ளி அந்த நீலக் கார். நான் என் கால்விரலைப் பார்த்தேன், அவர் காரைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்குங்களா?"

"ம்… பிடிச்சிருக்கு." வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக நான் எதையும் சொன்னதில்லை. "ஆனா, அந்தக் குடி…"

"அதை விடுங்க, ஒரு வாரத்துல குறைச்சுப்புடுறேன்."

"குறைச்சாப் பத்தாது. அடியோட நிறுத்தணும்."

"நிறுத்துனா எப்படிங்க?" என்று அவர் பதறினார். "ஊத்தலைன்னா இங்கேயே நிக்கவேண்டியதுதான். ஒரு அடி நகராது."

கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் விட மனசில்லை. திருத்திவிடலாம் என்று நினைத்தேன். (இருபத்துமூன்று வயதில் எல்லாரையும் திருத்திவிடலாம் என்றுதான் தோன்றும்.) "சரி. அந்த வெள்ளக்காரம்மா ஞாபகமாவது இனிமே இருக்கக்கூடாது."

"ஒண்ணும் இல்லைங்க. சீட்டு உறையெல்லாம் கழட்டிப் போட்டுட்டேன். அந்தம்மா நாய் வாசனைகூடப் போயிருச்சு."

சீட்டு உறை எனக்குப் புரியவில்லை. நாய் சுத்தமாகப் புரியவில்லை. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லித் தொலைத்தேன். "பரவால்ல. கல்யாணத்துக்கப்புறம் நான் பார்த்துக்கிடுறேன்."

"யாருக்குக் கல்யாணம்?" என்றார் அவர்.

பிறகு மெதுவாக என் பட்டுச் சேலையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். என் முகம் எப்படி ஆனதென்று தெரியாது, ஏனென்றால் அதற்குள் நான் கொல்லைப்புறம் ஓடி விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அதே நேரத்தில் சுப்பையா களத்தில் எழுந்து தள்ளாடி வந்து, "என்னங்க, வண்டியை ஓட்டிப் பார்த்தீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா அப்படியே முறுக்குத் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. அப்பாவின் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஆனால் விறகுக்குப் பின்னால் இருந்தவளுக்கு அதைக் கேட்டு இன்னும் அழுகைதான் வந்தது. பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியாயிற்று. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கதவருகே முத்துவேலின் குரல் கேட்டது. என்னிடம் இல்லை, அம்மாவிடம் பேசினார். "அம்மா, அவங்ககிட்ட ஒண்ணு சொல்லிருங்க. நான் வண்டி விக்கத்தான் வந்தேன். ஆனா நான் குடிக்கமாட்டேனுங்க. காலையில யாரும் தள்ளாமயே எந்திரிச்சிருவேன்."

அப்பா தானே ஓட்டிப் பார்க்காமல் முத்துவேலையே ஓட்டச் சொல்லி, ஊத்து வரைக்கும் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தவரிடம் அம்மா மெல்லிய குரலில், "வண்டி எப்படி?" என்றாள்.

"ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிக்கிறான். எதுக்க ஏறி வர்ற வண்டிக்கு, லாரின்னாலும் சரி மாட்டுவண்டின்னாலும் சரி, ஒதுங்கி நின்னு வழி விடுறான்."

"நான் வண்டியைக் கேட்டேன்."

"நான் அதுக்கா போனேன்?" என்றார் அப்பா. அவர் முதல்முறையாக எதிலும் குறை சொல்லாத நாள் அது.

காரை வாங்கினோம். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வத்தலக்குண்டிலிருந்து ஆள் வந்தது. மலையிலேயே சுத்தமான கார்புரேட்டர் எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். சித்தப்பாவுக்கே விஷயம் விளங்கி, அடுத்த முறை நிஜமாகவே பெண் கேட்டுத் தட்டோடு வந்தார். அம்மா கெடு வைத்த ஐப்பசி மழை கொஞ்சம் முந்திக்கொண்டது, அம்மா பொருட்படுத்தவில்லை. தை மாதம் பழனியில் கல்யாணம்.

கல்யாணம் முடிந்து எங்களை அந்த நீலக் காரில் வத்தலக்குண்டு வீட்டு வாசல் வரை அப்பாவேதான் ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். எல்லாரும் இறங்கினோம், எனக்குத் துணையாக இரண்டு நாள் தங்க வந்த அம்மாவும்கூட. அவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சித்தப்பா ஜன்னல் பக்கம் குனிந்து சத்தமாகச் சொன்னார்: "ஊரெல்லாம் பொண்ணைக் குடுத்துக் காரையும் குடுப்பாங்க. எங்க சம்பந்தி மட்டும்தான் பொண்ணைக் குடுத்துட்டுக் காரைக் கொண்டுக்கிட்டுப் போறாரு!" தெருவே சிரித்தது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தியில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் பாயசம் பரிமாறுவதில்லை.

ஆனால் அதற்கு அப்பா என்ன பதில் சொன்னார் என்பது பந்தியில் யாருக்கும் தெரியாது, சித்தப்பாகூடத் தெருவின் சிரிப்பில் அதைக் கவனிக்கவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் முத்துவேலுக்கும்தான் தெரியும். அப்பா சிரித்தார். அப்புறம் எங்களைப் பார்க்காமல் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, திரும்பிப் போறப்ப பேச்சுத் துணைக்கு இதாச்சும் கூட வேணும்ல" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினார்.