சத்தம் போடாமல் வந்த ஐந்தாவது பெட்டி

சண்டைப் படங்களின் முதல் ஐந்து நிமிடத்தைப் பற்றி என்னை விடத் தெரிந்தவன் எவனும் இல்லை. தற்பெருமை இல்லை, தகவல். எங்கள் ஞாயிறு சினிமா வட்டத்தில் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் யார் யாரை அடித்தான் என்று பார்ப்பார்கள். அடி விழுவதற்கு முன்னால் கேமரா எங்கே உட்கார்ந்திருந்தது, எந்தச் சத்தம் எப்போது நின்றது என்று நான் பார்ப்பேன்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக் கூடத்தில் என் பேச்சு. தலைப்பு, 'நெஞ்சு படபடப்பது எப்படி?' நாற்பது பக்கம் எழுதி, ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாயிற்று. ஒரே ஒரு குறைதான். வில்லன் வருவதற்கு முன் அடிவயிற்றில் உறுமுமே ஒரு சத்தம், அதைக் கேட்கவைக்கப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே நாலு பெட்டி இருக்கிறது. முதல் பெட்டி என் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. ஒரு விதத்தில் என் மனைவிக்கு அது மூத்தாள். நாலின் மேலும் எனக்கு உயிர். அதனால்தான் அவள் போட்ட சட்டம் என்னை நடுங்க வைத்தது.

"இன்னொரு பெட்டி வாசப்படி தாண்டுச்சுன்னா, இருக்கிற நாலும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். சொல்லிட்டேன்."

"அது பெட்டி இல்லம்மா, கலை."

"கலையையும் அவன் எடை போட்டுத்தான் எடுப்பான்."

நான் அசரவில்லை. என் மனைவி தையற்காரி. பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாள் முழுக்கத் தைப்பவள். கூடத்துக்கு முதுகுதான் காட்டுவாள். கண் ஒரு பிரச்சினையே இல்லை. காதுதான் பிரச்சினை. அவளுக்குப் பாம்புக் காது.

எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரும் எங்கள் வட்டத்து ஆள்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் திட்டத்தை விளக்கினேன். உள்ளே தையல் மெஷின் டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பாதுகாப்பு ஏது?

"வாத்தியாரே, படத்துல ஒருத்தன் வீட்டுக்குள்ள நுழையறான். கேமரா தரையில கிடக்குது. முகம் தெரியாது, வெறும் செருப்பு. அவனைக் காட்டிக் கொடுக்கறது எது?"

"செருப்பா?"

"சத்தம்யா! கேட்டு கிறீச்சுங்கும். கதவு தரையில உரசும். ஆடுற தரைக்கல்லு டொக்குங்கும். பெட்டியை ஒளிக்கிற அலமாரி முனகும்."

"உங்க வீட்டுல நாலும் இருக்குதே!"

"அஞ்சு. குழாய் சொட்டுது பாருங்க, அதுதான் பெரிய ஆபத்து. சொட்டுச் சத்தம் கேட்டா பாக்கறவன் காதைத் தீட்டிக்குவான். எல்லாத்தையும் வாயடைக்கணும்."

முன்பே சொல்லிவைத்திருந்த பெட்டி வந்துவிட்டதா என்று கேட்கத் திங்கள் சாயங்காலம் கடைக்குப் போனேன். பெட்டி வர வெள்ளி ஆகிவிடும் என்றார் கடைக்காரர். தெய்வமே எனக்கு அவகாசம் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். அன்றே கேட்டுக்கு எண்ணெய் போட்டேன். செவ்வாய் கதவை இழைத்தேன். புதன் தரைக்கல்லைப் பெயர்த்து சிமெண்ட் வைத்துப் பதித்தேன். வியாழன் அலமாரிக் கீல். வெள்ளி குழாய். அது என்னைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் அடங்கியது.

"என்னங்க, எட்டு வருஷமா கெஞ்சறேன். இப்ப என்ன திடீர்னு?"

"வீடுன்னா ஆம்பளை ஒருத்தன் பொறுப்பா பாத்துக்க வேண்டாமா?"

"அதானே!" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். பாவம், வெள்ளை மனசு. எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. போர்வை போர்த்திய பெட்டி. முன்னால் நான், பின்னால் வாத்தியார். இரண்டு பேரும் வெறுங்கால். உள்ளே டகடகடக. கேட்டைத் தள்ளினேன், வாயே திறக்கவில்லை. கதவு வெண்ணெயாக வழுக்கியது. தரைக்கல் கப்சிப்.

"அண்ணே, கனக்குது."

"மூச்சு விடாதீங்க!"

"விடலைன்னா நீங்க ரெண்டு பேரைத் தூக்கணும்."

அலமாரிக்கு இன்னும் மூன்றடி.

மெஷின் நின்றது.

ஐயோ! நாற்பது பக்கத்தில் முப்பத்தேழாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன், பெரிய தாக்குதலுக்கு முன் எல்லாச் சத்தமும் நிற்கும் என்று. பெட்டியை அப்படியே இறக்கிவிட்டு வாத்தியார் கழித்தல் கணக்காகிவிட்டார். கழுத்தில் டேப்புடன் அவள் வந்து நின்றாள்.

"என்னங்க அது?"

"போர்வை."

"உள்ள?"

"இன்னொரு போர்வை."

"இருபது வருஷமா உங்க படத்தையெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டுக் காதாலதான் பாக்கறேன். எட்டு வருஷமா கத்தின கேட்டு இன்னிக்கு வாயைத் திறக்கலை. கதவும் பேசலை. கண்ணாடிகிட்ட தினமும் நீங்கதானே சொன்னீங்க, வழக்கமான சத்தம் நின்னா எவனோ உள்ள வந்துட்டான்னு?"

என் ஆராய்ச்சியை ஊன்றிக் கேட்ட ஒரே ஜீவன் இவள்தான். பெருமைப்பட நேரமில்லை, என் நாலு பெட்டியும் தராசில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

"நான் பண்ணது தப்புதான். அந்த நாலை மட்டும் விட்டுடும்மா!"

அவள் சிரித்தாள். "பதறாதீங்க. நாலும் இருக்கட்டும். அஞ்சாவதும் இருந்துட்டுப் போகட்டும்."

"நெசமாவா?"

"பின்னே? பெட்டி வந்துடுச்சுன்னு கடைக்காரர் திங்கக்கிழமை காலையிலேயே வீட்டுக்குப் போன் பண்ணிட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுத்தடிங்கன்னு சொன்னதே நான்தான்."

"நீயா? எதுக்கு?"

"ஜன்னலுக்கு வெளியே நின்னு வாத்தியார்கிட்ட அஞ்சு வேலை சொன்னீங்களே. நாளுக்கு ஒண்ணுன்னாலும் அஞ்சு நாள் வேணாமா?"

அவள் பெட்டியைச் செல்லமாகத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்கு நடந்தாள். வாசலில் திரும்பினாள்.

"மொட்டைமாடிக் கதவு இன்னும் கிறீச்சுங்குது. ஆறாவது பெட்டி எப்ப வாங்கறீங்க?"