கூடைக்காரரும் நானாவின் குளிசையும்

இந்த நாட்டின் பணவீக்கத்தை வாயாலும் வயிற்றாலும் தலையாலும் அளந்த ஒரே மனிதர் எங்கள் கூடைக்காரர்தான். அவர் கூடை கொண்டு திரிந்ததை ஒருவரும் கண்டதில்லை. கையில் ஒரு பழைய சொப்பிங் பை மட்டும்தான் இருக்கும். கடைகடையாகப் போய் விலை எழுதுகிற அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் விலை எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"பணவீக்கத்தை அளக்கிறதெண்டால் ஒரே கூடைச் சாமானைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்க்கவேணும் பிள்ளை. கூடை மாறக்கூடாது" என்பார். அவருடைய கூடையில் இருந்தவை: பாண், பிளேன்ரீ, வாரம் ஒரு கிலோ சூரை மீன், மாதம் ஒரு குழந்தைப் பால்போத்தல், ஒரு கொண்டைக் கிளிப், ஒரு தலைமயிர் வெட்டு. கல்யாணம் கட்டாத, முழு வழுக்கையான மனிதருக்கு! ஐந்தாம் திகதி தோறும் சலூன்காரர் அவர் தலைக்கு மேலே காற்றைக் கத்தரித்துவிட்டுக் காசு வாங்குவார். பால்போத்தலும் கிளிப்பும் "அளந்து முடிஞ்ச சாமான், எனக்கு வேண்டாம்" என்ற ஒரே வசனத்தோடு அயலுக்குப் போகும். அன்புவழிபுரத்தில் அவருடைய ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் பணவீக்கத்தில் பால் குடித்து வளர்ந்ததுகள்தான்.

சூரையை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். தானே குழம்பு வைத்துத் தானே சாப்பிடுவார். அன்றைக்கு அவர் முகமே மலர்ந்து கிடக்கும்.

நான் திருக்கோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிறவள். எதிரே, நாங்கள் நானா என்று கூப்பிடும் கிண்ணியாக்காரரின் தேத்தண்ணிக் கடை. நானா ஒருமுறை நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். ஒருநாளும் தவறாமல் குளிசை குடிக்கவேண்டும். அந்தக் குளிசைக்குக் காப்புரிமை இருந்ததால் ஒரு கொம்பனி மட்டும்தான் அதைச் செய்தது. அந்தக் கொம்பனி திடீரென்று விலையை ஏற்றியது. நானா வந்து, வழமையான முப்பதுக்குப் பதிலாகப் பதினைந்து குளிசை கேட்டார்.

"மிச்ச நாளைக்கு என்ன செய்வீங்கள்?" என்றேன்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் குடிப்பன் மகள். நெஞ்சுக்கும் லீவு வேணுந்தானே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் பால்போத்தல் விலை கேட்டு நின்ற கூடைக்காரருக்கும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சண்டைக்கு ஆயத்தம். நானா போகும்வரை பொறுத்திருந்து தொடங்கினார்.

"என்ர பெறாமகள், தம்பியின்ர பிள்ளை, கனடாவில இருக்கிறாள். அங்க காப்புரிமை மருந்துக்கு விலை ஏத்தினால், பணவீக்கத்தை மிஞ்சி ஏத்தினதோ எண்டு பிடிச்சுப் பார்ப்பினமாம். இஞ்ச ஆர் பார்க்கிறது? நான் பார்க்கிறன்!"

"கொழும்பில அளந்த கணக்கு இருக்குத்தானே சேர்?"

"கொழும்பான் திண்ட மீனுக்குத் திருக்கோணமலையான்ர நெஞ்சு ஏன் காசு கட்டவேணும்?"

அடுத்த ஐந்தாம் திகதி அளந்தார். பாண் ஏறவில்லை, மீன் இறங்கியிருந்தது, சலூன் அதே விலை. குளிசை விலை பணவீக்கத்தை மிஞ்சி ஏறியதென்று கொழும்பு அதிகாரிகளுக்கு அனுப்பப்போகும் முறைப்பாட்டில் பிளேன்ரீ விலை ஒன்றுதான் எழுதக் கிடந்தது. எதிரே நானாவிடம் போய்க் குடித்துவிட்டு, வழமையான காசை மேசையில் வைத்தார்.

நானா தலையைச் சொறிந்தார். "சேர், இண்டைக்கிருந்து வெல கூட்டியிருக்கன்."

கூடைக்காரர் போட்ட சத்தம் பாமசிக்குள் இருந்த எனக்கே கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

"நீங்கள் தேத்தண்ணியைக் கூட்டினால் பணவீக்கம் கூடும்! பணவீக்கம் கூடினால், குளிசை ஏறினது நியாயமெண்டு கொம்பனிக்காரன் சொல்லுவான்! ஏன் நானா கூட்டினனீங்கள்?"

"குளிசை கூடினதாலதான் சேர்!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். பொருளாதாரத்தை எனக்கு இவ்வளவு தெளிவாக ஒருவரும் விளங்கப்படுத்தியதில்லை.

கூடைக்காரர் பேனையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு புது விலையையே எழுதினார்; பொய் விலை எழுத அந்த மனிதருக்கு ஏலாது. கடிதம் போனது. 'கவனத்திற் கொள்ளப்படும்' என்று பதில் வந்தது. இன்னும் கவனத்தில்தான் இருக்கிறது.

அதற்கடுத்த ஐந்தாம் திகதி பாமசிக்கு வந்தார். "நானாவுக்கு டொக்டர் எழுதின மருந்துத் துண்டு உங்களிட்டக் கிடக்குத்தானே? அவர் எடுக்காத பதினைஞ்சையும் தாங்கோ."

"இது கூடையில இல்லையே சேர்?"

"இனி இருக்கு. சூரையையும் தலைமயிர் வெட்டையும் வெளிய எடுத்துப்போட்டன்."

"மருந்து விலையைச் சரிபார்க்கிற கூடைக்குள்ள மருந்தையே போட்டால் கணக்குப் பிழைக்காதோ?"

"பிழைக்கும்" என்றார் எரிச்சலோடு. "சும்மா கதையாமல் கட்டித் தாங்கோ."

எதிர்க்கடைக்குப் போய்க் குளிசையை மேசையில் வைத்தார். "அளந்து முடிஞ்ச சாமான் நானா, எனக்கு வேண்டாம்." முன்பொருமுறை அவரிடம் தன் பேரப்பிள்ளைக்குப் பால்போத்தல் வாங்கிய அதே கையால் நானா அதையும் வாங்கிக்கொண்டார். இன்றுவரை மாதாமாதம் அப்படித்தான்.

கூடைக்காரருடைய குசினியில் இப்போது பருப்பு மட்டும்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. சனிக்கிழமைகளில் சூரை வாங்கி ஒரு சட்டி கூடுதலாகக் குழம்பு வைக்கிறேன். அவர் வீட்டு வாசலில் நின்று, முகத்தைப் பார்க்காமல் நீட்டுவேன்.

"அளந்து முடிஞ்ச மீன் சேர், எங்களுக்கு வேண்டாம்."