நாற்பத்தோராம் இலக்க நோயாளி

அடுத்தவரை நம்பாதவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு வரப்போகும் தன்னையே நம்பாத மனிதர் கொழும்பு மாநகரத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்தில், என் பக்கத்து மேசையில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ‘என்வலப்’.

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் மென்பொருள் நிறுவனம். முதலாளி, கணக்காளர், தேநீர் போடுகிற அக்கா, என்வலப், நான். வீட்டில் எல்லோரும் தடுத்தும் கேளாமல் வங்கி வேலையை விட்டுவிட்டு, முப்பத்தாறு வயதில் புரோகிராம் எழுதப் படித்துக்கொண்டு வந்தவள் நான். என்வலப் என்னைவிட எட்டு வயது இளையவர்.

பிறகு நடக்க வேண்டிய காரியம் எதுவானாலும் அவர் அதை ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவார். மேலே திறக்க வேண்டிய நேரம் இருக்கும். உள்ளே யார், யாருக்கு, என்ன, எங்கே என்று முழு விபரமும் இருக்கும். பின்னேரம் நாலு மணிப் பிளேன்டீக்குக் காலை ஒன்பதுக்கே உறை தயார்: “ஜன்னலோர மேசை. நீலக் கோப்பை. சீனி அரைக் கரண்டி.”

“ஏன் தம்பி, நாலு மணிக்கு வாயைத் திறந்து கேட்டால் ஆகாதோ?” என்றேன்.

“நாலு மணிக்கு நான் என்ன யோசனையில இருப்பனோ, ஆருக்குத் தெரியும் அக்கா? இப்ப தெரிஞ்சதை இப்பவே உள்ள வைச்சு ஒட்டிப்போடோணும்.”

கலியாணமாகி முதல் மாதம் மனைவிக்கும் ஓர் உறை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஐந்தரைக்குத் திறக்கவும் என்று போட்டிருந்ததாம். புதுப்பெண் என்னென்னவோ கற்பனையோடு ஐந்தரை வரை காத்திருந்து திறந்திருக்கிறாள். “பால்மா முடிந்திருந்தால் ஒரு பக்கெற் வாங்கவும். இப்படிக்கு, உமது கணவர்.” கீழே அடையாள அட்டை இலக்கம். அவள் எனக்குத்தான் போன் எடுத்தாள்.

“அக்கா, இவர் அங்கயும் இப்பிடித்தானோ, இல்லாட்டி எனக்கு மட்டுமோ?”

“இங்கயும்தான் பிள்ளை.”

“அப்பாடா!” என்று போனை வைத்துவிட்டாள்.

இந்த ஆளைக் கேலி செய்துகொண்டே, என் ப்ரொபேஷனின் கடைசி வாரத்துக்கு வந்து சேர்ந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கிளினிக்குக்கு இலக்கம் கூப்பிடும் திரை செய்து கொடுத்திருந்தோம். ஒரு செஷனுக்கு நாற்பது நோயாளிகள். செஷன் தொடங்கும்போது பொத்தானை அழுத்தினால் ஏழு நிமிடத்துக்கு ஒருவராக மூன்று மொழியிலும் கூப்பிடும். எழுதியது நான். சோதித்துப் பார்த்ததும் நான்தான். மணி அடித்தது, குரல் இனிமையாக வந்தது. என்ன இலக்கம் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

முதல் நாள் காலை திரை இனிமையாகக் கூப்பிட்டது: “இலக்கம் நாற்பத்தொன்று.” ஏழு நிமிடம் கழித்து மறுபடியும் நாற்பத்தொன்று. அப்படியொரு நோயாளியே இல்லை.

“யாரும்மா அந்த நாப்பத்தொண்ணு? மினிஸ்டர் யாருமா?” என்று சத்தம் போட்டாராம் முதலாம் இலக்கத் துண்டோடு இருந்த அம்மா.

ஒன்பது மணிக்குக் கால் சுளுக்கோடு ஒருவர் வந்து, மேலதிகமாக நாற்பத்தோராம் துண்டை வாங்கியிருக்கிறார். துண்டு கையில் பட்டதும் திரை அழைத்தது. போய்க் காட்டிவிட்டு வந்தார். திரும்பவும் அழைத்தது. நல்ல மனிதர், திரும்பவும் போனார். மூன்றாம் முறை டொக்டர் கேட்டாராம், “உங்களுக்கு என்னதான் வருத்தம்?”

“தெரியல சேர். கூப்புடுறாங்க, வாறேன்.”

கிளினிக்கிலிருந்து போன் வந்ததும் முதலாளி என் மேசைக்கு வந்தார். “பின்னேரம் நாலு மணி செஷனுக்கு இது சரிவரேல்லையெண்டால் மிஷின் திரும்பி வரும். நீங்களும் வீட்டை போகலாம்.” தோற்றுப்போன முகத்தோடு வீட்டுப் படியேற நான் தயாரில்லை; கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்தேன்.

ஓட்டோவில் கூடவே வந்த என்வலப், கிளினிக்கில் கணினியைத் தொடவில்லை. பையிலிருந்து உறைக்கட்டை எடுத்தார். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஓர் இலக்கம் எழுதிப் போட்டு, மேலே நேரம் குறித்து வரவேற்பு மேசைப் பெண்ணிடம் நீட்டினார்.

“தங்கச்சி, நேரத்துக்கு ஒண்டைத் திறந்து உள்ள இருக்கிற இலக்கத்தைக் கூப்பிடுங்கோ. வேற ஒண்டையும் பாக்காதேங்கோ.”

அவள் திறந்தாள். ஒன்று. பிறகு இரண்டு. சனம் அடங்கி உட்கார்ந்தது. டொக்டர் எட்டிப் பார்த்து, “மிஷின் எதுக்கு, இவரையே வைச்சுக்கொள்ளலாமே” என்றார்.

நாலாவது உறையில் எனக்கு விளங்கிவிட்டது. என் புரோகிராமுக்குள், ஒரு நோயாளிக்கு ஒருவராக, கூப்பிடுகிற நாற்பது ஆட்களை நிறுத்தியிருந்தேன் என்று வையுங்கள். இலக்கத்தையோ அவர்கள் கையில் கொடுக்காமல் ஒரே பலகையில் எழுதி எழுதி அழித்திருந்தேன். முதலாவது ஆள் வாயைத் திறக்கும்போதே எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிப் பலகையில் நாற்பத்தொன்றில் போய் நின்றுவிட்டது. எல்லோரும் அதைப் பார்த்தே கத்தினார்கள். ஒவ்வொருவரிடமும் அவரவர் இலக்கத்தை அப்போதே ஒப்படைக்க மூன்று வரி போதுமாக இருந்தது. அந்த மூன்று வரியை எழுதி, இந்த முறை இலக்கத்தையும் கவனித்துச் சோதித்து முடிக்க மூன்று மணியாகிவிட்டது.

நாலு மணிக்கு முதலாளி நேரில் வந்து நின்றார். திரை ஒன்று என்றது. இரண்டு, மூன்று. நான் மூச்சு விட்டேன்.

“சரி, காலமை நடந்த கூத்துக்கு ஆர் பொறுப்பு?” என்றார் முதலாளி.

நான் வாயெடுக்குமுன் என்வலப் சொன்னார்: “அக்கா எழுதினவா. போன கிழமை நான்தான் பாத்து ஓகே சொன்னனான். அனுப்பிறதெண்டால் ரெண்டு பேரையும் அனுப்புங்கோ.”

முதலாளி மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேரும் போனால் புரோகிராம் எழுதக் கணக்காளரும் தேநீர் அக்காவும்தான் மிச்சம். “சரி, சரி. ரெண்டு பேரும் நாளைக்கு நேரத்துக்கு வாங்கோ” என்று போய்விட்டார்.

அவர் சொன்ன அந்த வாரம் முழுக்க என்வலப் கண்ணோயோடு வீட்டில் படுத்திருந்தார். என் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

வெள்ளவத்தை பஸ்ஸில் நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் அவசரமாகக் கண்ணை மூடி, நித்திரை கொள்வதுபோல் நடித்தார். நானும் எழுப்பவில்லை. எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை என்ற குறை அன்றைக்குத் தீர்ந்தது.