அக்காவின் மாப்பிள்ளைக்குக் கடிக்காத மீன்

டோர்செட் பார்க், ஸ்கார்பரோ,
சனிக்கிழமை பின்னேரம்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய ராகுலன் மாமா அவர்களுக்கு,

பதினோராம் மாடியிலிருந்து மருமகள் அட்சயா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் உடம்பால் சுகம். மனதால் பூச்சியத்துக்குக் கீழே இருபது. ஸ்ரௌவ்வில்லில் நீங்களும் மாமியும் அப்படி இல்லாமல் கதகதப்பாக வாழ எல்லாம் வல்ல ஹீட்டரை வேண்டுகிறேன். இவள் ஏன் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். என் போன் இப்போது அப்பாவின் சேட்டுப் பையில் இருக்கிறது. அது அங்கே போன கதைதான் இந்தக் கடிதம்.

மாமா, விசயம் நிரூபா அக்காவின் கல்யாணம். அவள் வேலை செய்யும் இடத்தில் கௌஷிக் என்று ஒருவர் இருப்பதும், அவர் கோயம்புத்தூர் என்பதும், கட்டினால் அவரைத்தான் என்று அக்கா நிற்பதும் உங்களுக்குத் தெரியும். அப்பா கத்துவார் என்று நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். அவர் கத்தவில்லை, அதைவிட மோசமாக, யோசித்தார். யோசித்துவிட்டு, “ஊர் வேற எண்டாப் பரவாயில்லை, சாதகமும் பிறகு பாப்பம். ஆளுக்குப் பொறுமை இருக்கோ எண்டு நான் பாக்கோணும். என்னோட சிம்கோ ஏரிக்கு வந்து, ஐஸில இருந்து ஒரு பேர்ச் பிடிக்கட்டும். ஒண்டு பிடிச்சாலே காணும்” என்றார். பேர்ச் என்பது மஞ்சள் உடம்பில் கறுப்பு வரி போட்ட சின்ன மீன். சின்னப் பிள்ளைகளே வாளி வாளியாய்ப் பிடிக்கிறார்கள். அக்கா துள்ளிக் குதித்தாள். அப்பாவுக்கு ஐஸ் வைக்க வந்தவர் ஐஸிலேயே இருக்கப்போகிறார் என்று நானும் சிரித்தேன். கௌஷிக் அண்ணா தன் வீட்டுக்குள் முட்டைகூடக் கொண்டுவராத சைவம் என்பதை மட்டும் அக்கா அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவருடைய அப்பா அம்மா வருகிற வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து கல்யாணப் பேச்சுக்கு வந்து இறங்குகிறார்கள். அதற்குள் பேர்ச் இல்லையென்றால் பேச்சும் இல்லை.

மூன்று சனிக்கிழமை போனோம் மாமா. கலியாணம் ஆகாதவரோடு அக்கா போகக்கூடாதாம், ஆகவே காவலுக்கு நான். (கௌஷிக் அண்ணாவுக்குக் காவலா, மீனுக்குக் காவலா என்று கேட்டதற்கு அம்மா அகப்பையைத் தூக்கினா.) ஐஸில் இரண்டு துளை போட்டு, மேலே கூடாரம் அடித்து, அப்பா ஒரு துளையிலும் மாப்பிள்ளை ஒரு துளையிலும் குனிந்துகொண்டு இருப்பார்கள். தண்ணீருக்குள் மீன் நிற்பதைக் கோடு கோடாய்க் காட்டும் பெட்டி ஒன்று அப்பாவிடம் இருக்கிறது. அதில் பார்த்தால் மீன் வராமல் இல்லை. வரும், கிட்ட நின்று ஏற இறங்கப் பார்க்கும், பொம்பிளை பார்க்க வந்துவிட்டு ‘பிறகு சொல்லியனுப்புறம்’ என்று செருப்பை மாட்டுகிற ஆட்களைப்போல் போய்விடும். அப்பா தன் கொக்கியைச் சின்னதாக்கினார். நூலை மெல்லிசாக்கினார். மூன்று புழுவை ஒரு புழுவாகக் குறைத்தார். கூடாரத்தையே இழுத்துக்கொண்டு ஏரியில் நாலு இடம் குடிபெயர்ந்தார். அவருக்கே ஒன்றிரண்டுதான் கிடைத்தது. கௌஷிக் அண்ணாவுக்கு ஒரு செதிலும் இல்லை. அந்தக் கூடாரத்துக்குள் கடித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான், ஜோக்கால். “வாயை மூடு பிள்ளை” என்பதே அப்பா எனக்குச் சொன்ன காலை வணக்கம், மாலை வணக்கம் எல்லாம்.

போன சனிக்கிழமை அப்பா தேத்தண்ணி எடுக்க வான் வண்டிக்குப் போன நேரம், நான் கௌஷிக் அண்ணாவின் தூண்டிலை எடுத்துப் பார்த்தேன். கொக்கி கல்யாண மோதிரம்போல் பளபளவென்று வெறுமையாக இருந்தது.

“புழு எங்க அண்ணா?”

“மாட்டலை அட்சயா.”

“இண்டைக்கு மட்டுமோ?”

“ரெண்டு வாரமாவேதான். உயிரோட நெளியுது, அதைப் போயி எப்படிங்க ஊசில குத்துறது? டப்பாவைத் திறந்தேன், அது என்னையவே பார்த்துச்சு.”

“புழுவுக்குக் கண்ணே இல்லை அண்ணா!”

“இல்லாமயே பார்த்துச்சும்மா.”

சொல்லுங்கள் மாமா, இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அப்பாவிடம் உண்மையைச் சொன்னால், ‘ரெண்டு கிழமையா என்னைப் பேய்க்காட்டினவனோ’ என்பார். சொல்லாவிட்டால் வெறும் கொக்கியைப் பார்த்து எந்த மீனுக்குத் தற்கொலை செய்யத் தோன்றும்? அக்கா இரவில் பாத்ரூம் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறாள், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்ற நினைப்பில். கேட்டது. அதனால்தான் அண்ணாவின் கொக்கியில் ஒரு மீனை ஏற்றும் பொறுப்பை என் தலையில் நானே ஏற்றினேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மீன்கடைக்குப் போய்ப் பேபி அண்ணையைக் கேட்டேன். பேர்ச் இல்லையாம். இருந்ததில் சின்னதாக ஒரு விளைமீனைக் காட்டினார். கடல் மீனும் ஏரி மீனும் எப்படியும் தூரத்துச் சொந்தமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். “அண்ணை, முழுசா வேணும், வெட்டக்கூடாது” என்றேன். “எனக்குத் தெரியாதே பிள்ளை, நீ நில்லு” என்று உள்ளே போனவர், நன்றாகச் சுற்றிக் கட்டித் தந்தார். கட்டைப் பிரித்துப் பார்க்காமல் என் புத்தகப் பைக்குள் வைத்து, பையை யன்னலுக்கு வெளியே பல்கனியில் வைத்தேன். மாமா, உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பிழை விட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கட்டைப் பிரித்தாவது பார்த்திருப்பார்கள்.

இன்றைக்கு அப்பா புதுத் துளை போட வெளியே போன உடனே, நான் கட்டை அவிழ்த்து, அவசரத்தில், கையுறையோடு, மீனின் வாயில் கொக்கியை ஏற்றி, கௌஷிக் அண்ணாவின் துளைக்குள் தள்ளினேன். அவர் “வேண்டாம்ங்க, பாவம்ங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார். அது செத்து ஒரு கிழமை ஆகியிருக்கும், பாவம் எல்லாம் காலாவதி என்றேன். பிறகு, “அப்பா! ஓடி வாங்கோ! கடிச்சிட்டுது!” என்று ஏரியே விரியக் கத்தினேன். அப்பா ஓடி வந்தார், வழுக்கி விழுந்து எழும்பி வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் கண்டதில்லை மாமா. “சுத்தும் தம்பி, சுத்தும், விட்டிடாதையும்!” என்று மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். மீன் மேலே வந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோசம் மெல்ல மெல்ல வடிந்தது.

“பிள்ளை, உந்த மீன் எப்ப செத்தது?”

“இப்பதான் அப்பா. வெளியில வந்த அதிர்ச்சி.”

“அதிர்ச்சியில குடலையும் கழட்டி வைச்சிட்டே வந்தது?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். பேபி அண்ணை வெட்டவில்லை, சொல் தவறாத மனிதர். செதில் சுரண்டி, செவுள் பூ எடுத்து, குடல் கழுவி, பொரிக்கும்போது தூள் இறங்க வசதியாய் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கீறலும் போட்டுத் தந்திருக்கிறார்.

“கீறல்?”

“பெரிய மீன் ஏதும் கடிச்சிருக்கும் அப்பா.”

“கோடு கீறுற அடிமட்டம் வைச்சோ கடிச்சது?”

நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போது கௌஷிக் அண்ணா எழும்பி நின்று, “அங்கிள், நான் மூணு வாரமா புழுவே மாட்டலைங்க. நான் சைவம்ங்க. மன்னிச்சிருங்க” என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். அப்பா கூடாரத்தை மடித்தார். சிம்கோவிலிருந்து ஸ்கார்பரோ வரைக்கும் வானுக்குள் ஒரு சொல் இல்லை. மீனுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. வீட்டு வாசலில் என் போனை வாங்கிக்கொண்டு, “மீன் பிடிக்கத் தெரியாட்டிப் பரவாயில்லை. என்னைப் பிடிக்கப் பாத்தியள். இந்தக் கதை இதோட முடிஞ்சுது” என்று அறைக்குள் போனவர் இன்னும் வெளியே வரவில்லை. அக்கா என்னைப் பார்த்து, “நீ எனக்குத் தங்கச்சியே இல்லை” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடாமலே அழுகிறாள். அம்மா விளைமீனைக் குழம்பு வைத்திருக்கிறா. ஒருவரும் சாப்பிடவில்லை.

மாமா, நான் சிரிக்கச் சிரிக்க எழுதுவதுபோல் தெரியும். அப்படி இல்லை. அக்கா பாவம். அப்பாவை எதிர்த்து வாதாடி வெல்லக்கூடியவர் இந்த நாட்டில் நீங்கள் ஒருவர்தான். வெள்ளிக்கிழமைக்கு முதல் வந்து அப்பாவோடு பேசுங்கள். பிழை முழுக்க என்னுடையது, அந்த மனிதர் புழுவுக்குக்கூடத் துரோகம் செய்யாதவர் என்று சொல்லுங்கள். மாமிக்கு என் வணக்கம். உங்கள் காலில் விழ ஆசை. தூரம் ஆகையால் இங்கேயே, அப்பாவின் அறைக்கு முன்னால், விழுந்து கிடக்கிறேன்.

இப்படிக்கு,
போனும் மானமும் இழந்த
அட்சயா

பி.கு: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமா, மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். காலையில் கௌஷிக் அண்ணா, அப்பா இரவல் கொடுத்த பனிச் சப்பாத்தைக் காலில் போட்டபடியே திருப்பித் தர வந்தார். அப்பா தனியாக ஏரிக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். “அதைக் கழட்டாதையும், ஏறும்” என்றார், ஏறிவிட்டார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போது வாளி நிறையப் பேர்ச்சோடு வந்து நிற்கிறார்கள். கௌஷிக் அண்ணா கொக்கியே இல்லாமல் ஈயக் குண்டை மட்டும் விட்டுத் தரையில் டொக் டொக்கென்று தட்டிச் சேற்றைக் கிளப்பினாராம். என்ன புதினம் என்று பார்க்க வந்த மீன்களை அப்பா பக்கத்துத் துளையால் தூக்கினாராம். மாப்பிள்ளை கொல்வதில்லையாம், கூப்பிட்டு மட்டும் விடுகிறாராம். “மூண்டு கிழமையா மீன் வராததுக்குக் காரணம் உன்ர வாய்தான்” என்று அப்பா எனக்குத் தீர்ப்பும் வழங்கி, வெள்ளிக்கிழமை விருந்துக்குச் சைவச் சமையல் என்று அம்மாவுக்கு உத்தரவும் போட்டுவிட்டார். அடுத்த சனிக்கும் இருவரும் போகிறார்களாம், அதற்கடுத்த சனிக்கும், ஐஸ் உருகும்வரைக்கும். ஆகவே நீங்கள் வந்து அப்பாவோடு பேசத் தேவையில்லை. அக்காவோடு பேச உடனே வாருங்கள். “அவர் கட்டப்போறது என்னையோ, அப்பாவையோ? எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்” என்று கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறாள்.