எண்ணூரிலிருந்து கடலுக்குப் போன உப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி இரண்டு மாதம் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். இப்போது ஞாபகமும் முன்னே பின்னே ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நான் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமே நடத்தினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ராயபுரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தா. மூத்தவள் பிலோமினாவுக்கு எட்டு வயது. இடது கையால் எழுதினாள் என்று வாத்தியார் விரல் முட்டியிலேயே அடித்துவிட்டார். இவர் போய்ச் சண்டை போட்டு, அவளையும் ஆறு வயது சூசையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இனிமே நம்ம வூடுதான் பள்ளிக்கூடம்" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் வாத்தியார் யார்? நான்தான். (இடுப்பில் நான்கு வயது லூர்து வேறு.)

பள்ளிக்கு அவர் வைத்தது ஒரே சட்டம். "பிள்ளைங்க இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதே. சொன்னா அதுங்க மூளை அங்கியே நின்னு பூடும்."

கிறிஸ்துமஸ் லீவு வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் கோலி ஆட, சூசை சிலேட்டைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தான். "எங்க பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் லீவு இல்ல?"

இவர் யோசித்தார். "லீவு உண்டு. ஆனா தினம் ஒரு இடம் போய்ப் பாக்கணும். அம்மா சொல்றதை பிலோமினா நோட்டுல எழுதணும்."

நோட்டுக்குக் காரணம் அவருடைய அக்கா. வெளியூரில் போர்டிங் பள்ளி டீச்சர். சனிக்கிழமை வருவதாகவும், பிள்ளைகள் தேறாவிட்டால் மூத்தது இரண்டையும் தன்னோடு போர்டிங்குக்குக் கூட்டிப்போவதாகவும் எழுதியிருந்தார். அக்கா சொல்லுக்கு இவர் மறுசொல் சொன்னதே கிடையாது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்நியரோடு பேச வராது. கடையில் புளி கேட்கக்கூட பிலோமினாவைத்தான் அனுப்புவேன். வழியில் யாரையும் விவரம் கேட்க மாட்டேன். தெரியாது என்றும் சொல்லக்கூடாது. அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது? வாய்க்கு வந்ததுதான்.

திங்கட்கிழமை பேசின் பிரிட்ஜ். மின்சார நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்து சூசை, "இன்னாம்மா அது?" என்றான். "மேகம் பண்ற இடம்" என்றேன். செவ்வாய்க்கிழமை துறைமுகம். கிரேன் ஏன் குனிகிறது? கப்பலுக்கு வணக்கம் சொல்ல. புதன்கிழமை யானைக்கவுனி. யானை எங்கே? "சாப்பிடப் போயிருக்கு." (இதைச் சொல்லியிருக்கக் கூடாது. யானை திரும்பி வரட்டும் என்று மூன்றும் ஒரு ஜவுளிக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டன. கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார், பிறகு முறுக்கு கொடுத்தார், கடைசியில் கை எடுத்துக் கும்பிட்டார்.)

வியாழக்கிழமை ரயிலேறி எண்ணூர். உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று குவியல்கள். "கடலு ஏம்மா உப்பு கரிக்குது?" என்றாள் பிலோமினா. எதிரே உப்பு, பக்கத்தில் கடல். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

"இங்கேர்ந்துதான் தினம் அள்ளிக் கடல்ல கொட்றாங்க."

வெள்ளிக்கிழமை கால்வலி.

சனிக்கிழமை அண்ணி, அதாவது இவருடைய அக்கா, வந்தார். காபியைக்கூட முடிக்காமல் நோட்டை எடுத்து உரக்கப் படித்தார். மேகம். கிரேன். யானை. இவர் கூரையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அண்ணி வியாழக்கிழமைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"'கடலுக்கு உப்பு எண்ணூரிலிருந்து போகிறது.' இதை யார் சொன்னது?"

மூன்று விரல்கள் பெருமையாக என்னைக் காட்டின. லூர்துவின் விரல்தான் முதலில் நீண்டது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"ரோசம்மா, திங்கட்கிழமை ரயிலுக்கு ரெண்டு பேர் துணியையும் எடுத்து வை" என்றார் அண்ணி. "அதுக்கு முன்னாடி எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்னு நான் காட்டறேன், வா."

நோட்டோடு எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். மீனவர்கள் கரையேறி, கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லூர்து கேட்டான். "அத்தை, ஏன் படகை ஒடைக்கிறாங்க?"

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத் தெரிந்த நிமிஷம்.

"உடைக்கவில்லை, பிரிக்கிறார்கள். பிரித்துப் போட்டால் திருடன் ஓட்டிக்கொண்டு போக முடியாது."

பக்கத்தில் கூடையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த அம்மாள் தலை நிமிர்ந்தாள். "அய்ய, இன்னா டீச்சரம்மா சொல்ற? எங்க குப்பத்துல எவன் மரத்தை எவன் தூக்கப் போறான்? தண்ணி குடிச்ச மரம் கனத்துப் பூடும். பிரிச்சு வெயில்ல போட்டாதான் காயும். நாளைக்கு மெதக்க வாணாமா?"

பிலோமினா மணலில் உட்கார்ந்து இடது கையால் எழுதினாள். "அத்தை சொன்னது, திருடன். மீன்காரம்மா சொன்னது, காய்வதற்கு." எழுதிவிட்டு நிமிர்ந்து, "எது சரி அத்தை?" என்றாள்.

"நேரமாகிறது, கிளம்புங்கள்" என்றார் அண்ணி. சூசைக்கு உற்சாகம் வந்துவிட்டது. மீன்காரம்மாவிடம் உப்பையும் கேட்டான்.

"கடல் தண்ணிய பாத்தில உட்டு காய வெச்சா உப்பு வருது. எண்ணூர்லேர்ந்து கடலுக்குப் போவுதா? யாருடா நைனா அந்தப் புத்திசாலி?"

மறுபடியும் மூன்று விரல்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளேயிருந்தே, எப்படி வந்ததோ, "நான்தான்க்கா. எனக்குத் தெரியாது" என்றேன். அந்நியரிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியாங்காட்டி கேக்கறது தானேமா" என்றாள் அவள். "கேட்டா காசா புடுங்கிக்கப் போறோம்?"

திரும்பும் வழியெல்லாம் அண்ணி முன்னால் வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும், "பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும். போர்டிங்கில் இப்போது இடம் இல்லை" என்றார். (காலையில் இருந்தது.) பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "அந்தத் திருடன் பக்கத்தை மட்டும் கிழிச்சிடு ரோசம்மா" என்றார் மெதுவாக.

கிழித்தேன். அந்தத் தாளின் மறுபக்கத்தில்தான் என் உப்பு இருந்தது. இரண்டும் சேர்ந்தே அடுப்புக்குப் போயின.

ஜூன் மாதம் பிள்ளைகளை வேறொரு பள்ளியில் சேர்த்தோம். அங்கே இடது கையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாள் எரிந்தும் என்ன பிரயோஜனம்? இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தெரியாததைத் தெரிந்ததுபோல் அடித்துவிட்டால், "இது எண்ணூர் உப்பா?" என்று ஒரு குரல் கேட்கும். இவர் சாகும்வரை கேட்டார். பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

பேசின் பிரிட்ஜில் புகைபோக்கி எத்தனை, யானைக்கவுனிக்குப் போனது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா, எனக்குத் தெரியாது. பிலோமினா, நான் எழுதியதை நீயே ஒருமுறை சரிபார்த்துவிடு. உனக்கும் தெரியாவிட்டால் யாரையாவது கேள்.