மூன்றாவது ஜன்னலில் இரண்டு அங்குலம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், உங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் திரைச்சீலைகளைத் தைத்தவனும், அவை சுருங்கிப்போனதற்காகப் பதினாலு வருடமாக உங்களிடம் பேச்சு வாங்குகிறவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் இவ்விடம் நலமா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருப்பதால் இரண்டாவது பாதியை மட்டும் எழுதுகிறேன்: அவ்விடம் நலமறிய ஆவல். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் வெட்டி உங்கள் பல்வலிக் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள். காகிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

எங்கள் வீட்டுக்காரர் தம் மகனுக்கு வீடு தேவைப்படுகிறது என்று மாதக் கடைசிக்குள் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, ஐம்பத்து நாலு படி என்பது உங்களுக்குத் தெரியும். போன தடவை வந்தபோது நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தீர்கள். முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு உங்கள் தங்கை ஏழு மாதமாகக் கீழே இறங்கவில்லை. ஊன்றுதடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, தெருவில் சாத்தும் கதவு யார் வீட்டுக் கதவு என்று சத்தத்தை வைத்தே சொல்கிறாள். எனக்கு அதைப் பார்க்க மனசு தாங்கவில்லை, மச்சான். அடுத்த வீடு தரையோடு தரையாக இருக்க வேண்டும், அவள் செருப்பை மாட்டினால் நேரே தெருவில் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். எல்லா வில்லங்கமும் அங்கிருந்துதான் ஆரம்பம்.

என்னிடம் இருப்பது நீங்கள் வாங்கித் தந்த பட்டன் போன். ஆகவே எங்கள் மகள் அவள் அம்மாவின் போனில் வீடு தேடும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அப்பப்பா, என்ன ஒரு உலகம் அது! ‘விசாலமான கூடம்’ என்று ஒரு வீடு. படத்தில் ஒரு வாளியும் ஒருத்தர் கட்டைவிரலும்தான் இருந்தன. இன்னொரு வீட்டுக்கு ஒன்பது படம், ஒன்பதும் கழிவறை, கோணம் மட்டும் வேறு வேறு. ‘அமைதியான சூழல்’ என்று போட்டிருந்த வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி மரம் அறுக்கிற பட்டறை. ‘தரைத்தளம்’ என்று நம்பிப் போன வீட்டு வாசலில் பதினோரு படி. என்னய்யா இது என்று தரகரைக் கேட்டால், “சார், எங்க பக்கம் இதுதான் தரை” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளோடு போனில் பேச ஆரம்பித்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள்தான் அந்த வீடு வந்தது. உங்கள் தங்கைதான் முதலில் பார்த்தாள். “ஏங்க, இங்க வாங்க, வாசல்ல ஒரு படிகூட இல்லீங்க.” பார்த்தேன். உண்மைதான், தெருவும் கூடமும் ஒரே மட்டம். ஐந்து ஜன்னல். ஐந்திலும் பாசி நிறத் துணியில் திரைச்சீலை. என் கண் அங்கேதானே போகும்? போனது. இடது கீழ் மூலையில் சிவப்பு நூலில் மூன்று தையல். மச்சான், அது என் அடையாளம். துணி எந்த நிறமாக இருந்தாலும் அந்த மூலையில் மூன்று சிவப்புத் தையல் போட்டுத்தான் முடிப்பேன். என்னிடம் தைக்காததை என் தலையில் கட்டிச் சண்டைக்கு வருகிறவர்களுக்காக வைத்த அடையாளம். சரி, எப்போதோ தைத்துக் கொடுத்திருப்போம் என்று திரும்பினால், என் வெட்டுப்பலகை மேல் அதே பாசி நிறத் துணி, மடிப்புக்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது.

அந்தத் துணி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு நாலு நாள் முன்னால் ஒருத்தர் போனில் ஐந்து ஜன்னலுக்கு ஆர்டர் சொன்னார். சளி பிடித்தால் எனக்கு வருகிற மாதிரி குரல். அளவு சொல்லிவிட்டு, “கண்ணுக்கு ஒரு விரல் கூட வச்சிக்கோங்க” என்றார். அளவைவிட ஒரு விரல் நீளமாக வெட்டினால்தான் பார்வைக்கு நிறைவு என்று நான் சொல்கிற சொல் அது. வேறு எந்தத் தையல்காரனும் சொல்லி நான் கேட்டதில்லை. விவரமான ஆள் போல என்று சந்தோஷப்பட்டேனே தவிர, என் மரமண்டைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. துணியும் முகவரியும் கூரியரில் வந்து சேர்ந்தன. தைத்து, நானே வந்து மாட்டித் தர வேண்டும் என்று ஒரு சீட்டு.

படத்தில் இன்னொரு விஷயம். மூன்றாவது ஜன்னலில் மட்டும் சீலை இரண்டு அங்குலம் குட்டை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முப்பத்தெட்டு வருஷத்துல நான் ஒரு சீலையாவது குட்டையா வெட்டியிருக்கேனா? இது என் வேலையே இல்லை, போ” என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். உங்கள் வீட்டுச் சீலை பற்றி அவள் ஏதோ சொல்ல வந்தாள். அது சுருங்கியது, வெட்டியது இல்லை. மறுநாள் வேண்டுமென்றே மூன்றாவதை மூன்று முறை அளந்தேன். கோடு போட்டேன். கத்தரி பாதித் துணியில் போய்க்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து, “அய்யோ, என் தடி!” என்று ஒரு அலறல். விழுந்துட்டாளோன்னு பதறிட்டேன் மச்சான், கத்தரி ஒரே இழுப்பா இழுத்திடுச்சு. அப்புறம் அளந்து பார்க்கிறேன், சரியா ரெண்டு அங்குலம்.

அவ விழலை. போனைக் கையில வச்சுக்கிட்டுக் கட்டில்ல உட்கார்ந்திருக்கா. அந்த வீட்டுப் படுக்கையறைப் படத்துல சுவரோரமா அவ ஊன்றுகோல். கைப்பிடி வழுக்குதுன்னு நான் சுத்திக் கொடுத்த நீல டேப்போட. நேத்து அந்தப் படத்துல அது இல்லை. நிஜத் தடி கட்டிலுக்குப் பக்கத்துல தேமேன்னு நிக்குது. மறுநாள் சமையலறைப் படத்துல ஒரு பொம்பளை முதுகு. பூப்போட்ட நைட்டி, தோள்பட்டையில நான் போட்ட ஒட்டு. தடி இல்லாம, எதையும் பிடிக்காம, நிமிர்ந்து நிக்கிறா. எனக்கு வேர்த்துப்போச்சு. உங்க தங்கச்சி என்ன பண்ணினா தெரியுமா? ரெண்டு விரலால படத்தைப் பெருசு பண்ணி, முழங்காலையே ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் சொன்னா: “வேற வீடு பார்க்காதீங்க. இதுதான்.”

அந்த விளம்பரத்துல போட்டிருந்த நம்பருக்கு என் போன்ல இருந்து எத்தனை தடவை அடிச்சேன்னு கணக்கே இல்லை. காலையில அடிச்சாலும் பிஸி, மத்தியானம் அடிச்சாலும் பிஸி. வாடகைக்கு விடறவன் இப்படியா ஓயாம பேசுவான்னு திட்டிக்கிட்டே, தைச்சு முடிச்ச அஞ்சு சீலையையும், ஏணியையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு கூரியர் சீட்டுல இருந்த முகவரிக்குப் போனேன். இறங்கிப் பார்த்தா, அதே வீடு. கதவு திறந்தே இருக்கு. கூப்பிட்டேன், ஆள் இல்லை. பயம் ஒரு பக்கம், ஒப்புக்கிட்ட வேலை ஒரு பக்கம். மாட்டினேன். மூணாவது ஜன்னல்ல குட்டையா தொங்கறதைப் பார்த்துக்கிட்டே ஏணியில நிக்கிறேன், உள் ரூம்ல யாரோ நடக்கிற சத்தம். எனக்கு அந்த நடை நல்லாத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க தங்கச்சி நடக்கிற வேகம், அந்தச் செருப்புத் தேய்ப்பு. ஏணியை அங்கயே போட்டுட்டு ஓடி வந்துட்டேன். ஐம்பத்து நாலு படியையும் எப்படி ஏறினேன்னு தெரியலை. மேல வந்தா, அவ பாத்திரத்தை எல்லாம் அட்டைப்பெட்டியில அடுக்கிக்கிட்டிருக்கா. “ஏணியை விட்டுட்டு வந்தீங்களா? பரவாயில்ல, அங்கதானே போறோம்” என்கிறாள். ஏணி விஷயத்தை நான் இன்னும் சொல்லவே இல்லை.

ஆகவே மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அவள் என் பேச்சைக் கேட்கிறவள் இல்லை. இந்த உலகத்தில் அவள் கொஞ்சமாவது அடங்குவது உங்களுக்குத்தான். இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, அந்த வீடு வேண்டாம் என்று அவளிடம் ஒரு அதட்டல் போட்டுச் சொல்லுங்கள். பதினோரு படி உள்ள வீடானாலும் பரவாயில்லை, நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். எனக்கு அவள் வேண்டும், மச்சான். அக்காவுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் பல்லுக்கு என் அனுதாபங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத,
தங்கை வீட்டுக்காரர்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இதைத் தபாலில் போட எடுத்து வைத்து எட்டு நாள் ஆகிறது. நாங்கள் அந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். உங்கள் தங்கை ஐம்பத்து நாலு படியும் தானே இறங்கினாள். இங்கே தடியைச் சுவரில் சாய்த்தவள்தான், இன்னும் எடுக்கவில்லை. தினமும் தெருமுனை வரை போய்வருகிறாள், முகமே மாறிவிட்டது. வாடகை கேட்டு இதுவரை ஒருத்தரும் வரவில்லை. ஆனால் என் பட்டன் போன்தான் ஓயாமல் அடிக்கிறது: “படம் பார்த்தோம் சார், வீடு காலியா இருக்கா?” விளம்பரத்தில் இருந்த நம்பரை என் தையல் போர்டில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பார்த்தேன், என் நம்பர்தான். தன் நம்பருக்குத் தானே அடிப்பவன் எவனாவது உண்டா? விளம்பரம் இன்னும் ஆப்பில் இருக்கிறது. இன்று புதுப் படம் ஒன்று வந்திருக்கிறது: கூடத்து நாற்காலியில் நீங்கள், கட்டம் போட்ட சட்டையில், கன்னம் வீங்கி, கையில் இந்தக் கடிதத்தோடு. ஆகவே எப்படியும் வருவீர்கள் என்று தெரிகிறது, அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வாருங்கள். ஒன்றுதான் உறுத்துகிறது. எல்லாப் படத்தையும் தேடிவிட்டேன், ஒன்றில்கூட நான் இல்லை. உங்கள் தங்கையிடம் சொன்னேன். “போட்டோ எடுக்கிறவரு எப்படிங்க போட்டோவுல இருப்பாரு?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். என் போனில் படம் எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும் மச்சான், நீங்கள்தானே வாங்கிக் கொடுத்தீர்கள்.