மானும் சிறுத்தையும் ஆளுக்கொரு வாட்சும்

ஒரு காட்டில், பக்கத்திலேயே சொகுசு விடுதி ஒன்று வந்துவிட்டதால், குரங்குகளெல்லாம் வியாபாரத்தில் இறங்கியிருந்தன. விருந்தாளிகள் ஓடிக் களைத்துக் கழற்றிவைக்கும் ஸ்மார்ட் வாட்சுகளை லவட்டிக்கொண்டு வந்து, முதுகுச் சவாரிக்குப் பண்டமாற்று செய்தன. சிறுத்தைக்கு மட்டும் இலவசம், கேட்காமலே.

அந்தக் காட்டில் சிவந்தி என்றொரு மான். ஒருநாள் மருதன் என்ற சிறுத்தை அதைத் துரத்திக்கொண்டு வால் நுனிவரை வந்துவிட்டது. சிவந்தி உயிராசையை விட்டுவிட்ட நேரத்தில் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"துடிப்பு எல்லை மீறிவிட்டது. உடனே அமர்ந்து மூச்சை இழுத்து விடவும்."

காலில் வாட்ச் கட்டியிருந்த மருதன் சட்டென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. சிவந்தி தப்பித்தது. ஆனால் நெஞ்சுப் படபடப்பு லேசில் அடங்கவில்லை. சிறுத்தைப் பயம் போய், அதற்கு நெஞ்சுவலிப் பயம் பிடித்துக்கொண்டது.

கோடையில் குட்டைக்கரையில் யாரும் யாரையும் தொடக்கூடாது என்பது அந்தக் காட்டின் வழக்கம். நலம் விசாரிப்பெல்லாம் அங்கேதான்.

"ஏண்ணே, நேத்து எட்டிப் பிடிக்கிற தூரத்துல விட்டுட்டீங்களே?" என்று கேட்டது சிவந்தி.

"வாட்ச் உக்காருன்னுச்சு, உக்காந்துட்டேன். பசி எங்க போயிடும்? உடம்புதான் முக்கியம் தாயி."

"எனக்கும் நெஞ்சு தடதடன்னு அடிச்சுதுண்ணே."

"ஐயய்யோ, அசால்ட்டா விடாத! நீயும் ஒண்ணு கட்டிக்க. வெயில்ல நின்னா தானா சார்ஜ் ஏறும். ஆனா அது சொன்னா சொன்னபடி கேக்கணும்."

மருதன் மனதாரத்தான் சொன்னது, அதில் சூது இல்லை. சிவந்தி ஒரு குண்டுக் குரங்கைக் காடு முழுக்கச் சுமந்து வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டது. வெயிலிலேயே மேய்ந்ததால் எப்போதும் முழு சார்ஜ். மருதனோ பகலெல்லாம் குகை நிழலில் குறட்டை விடுகிற ஆள்.

அடுத்த வாரம் மருதன் மறுபடி துரத்தியது. சிவந்தி பறந்தது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. அப்போது அதன் காலில் குரல் எழுந்தது.

"துடிப்பு எல்லை மீறிவிட்டது. உடனே அமரவும்."

'அண்ணனுக்கும் இந்நேரம் சொல்லியிருக்கும்' என்று நம்பி உட்கார்ந்தது சிவந்தி. மூச்சை இழுத்தது. விடுவதற்குள் மருதன் வந்து சேர்ந்தது.

"அண்ணே, உங்க வாட்ச்?"

"சார்ஜ் இல்ல தாயி," என்றது மருதன், நிஜமான வருத்தத்தோடு.

சாப்பாடு முடிந்ததும் புல்லில் கிடந்த வாட்ச் பேசியது. "துடிப்பு தெரியவில்லை. பட்டையை இறுக்கிக் கட்டவும்."

மருதன் எடுத்துத் தன் காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

"துடிப்பு சீராகிவிட்டது. வாழ்த்துகள்!"

நீதி: உடம்பைப் பேணி வளர்ப்பது நம் கடமை, அது கடைசியில் யார் உடம்பில் போய் ஒட்டும் என்பது சார்ஜைப் பொறுத்தது.